பெருக்குவதற்கு முன் ஒரு கேள்வி: இவை சார்பிலா நிகழ்ச்சிகளா, சார்ந்த நிகழ்ச்சிகளா?

நிகழ்தகவுக் கணக்கில் "இதுவும் நடந்து அதுவும் நடக்க" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், பெரும்பாலானோர் யோசிக்காமலேயே இரண்டு எண்களையும் பெருக்கிவிடுகிறோம். சில கணக்குகளில் விடையும் சரியாக வந்துவிடும். அதனாலேயே அது பழக்கமாகி, எங்கே பெருக்கக் கூடாதோ அங்கேயும் பெருக்கி வைக்கிறோம். இப்படி விடை தவறிப்போன தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பிழையும் இருக்காது, ஆனால் முதல் வரியிலேயே எல்லாம் முடிந்திருக்கும். அதனால் அந்த முதல் வரியை எழுதுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. முதல் நிகழ்ச்சி நடந்துவிட்டது என்று யாரோ உங்களிடம் வந்து சொல்கிறார், நீங்கள் அதை நம்புகிறீர்கள். இப்போது இரண்டாவது நிகழ்ச்சிக்கு நீங்கள் முன்பு சொன்ன எண்ணை மாற்ற வேண்டுமா? மாற்ற வேண்டாம் என்றால் அவை சார்பிலா நிகழ்ச்சிகள். மாற்ற வேண்டும் என்றால் சார்ந்த நிகழ்ச்சிகள். எண் கூடுகிறதா குறைகிறதா என்பது இங்கே முக்கியமில்லை, கொஞ்சம் அசைந்தாலே சார்ந்தவைதான். கலப்பெண் பாடத்தில் பெயர் கேட்டிருப்பீர்களே, அந்த டி மாய்வர் 18ஆம் நூற்றாண்டிலேயே கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: ஒன்று நடப்பது மற்றொன்று நடப்பதை முன்னே தள்ளவும் கூடாது, தடுக்கவும் கூடாது.

நாணயத்தையும் பகடையையும் சேர்த்துப் போட்டால், நாணயத்தில் தலை விழுந்தது தெரிந்தாலும் பகடையில் 6 விழ 1/6தான். சார்பிலாதவை. இதில் யாருக்கும் குழப்பம் வராது. குழப்பம் தொடங்குவது பையில் இருந்து பந்து எடுக்கும்போதுதான்.

பையும் பந்துகளும்

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள். பார்க்காமல் ஒன்றை எடுக்கிறோம், சிவப்பு வர 5/8. எடுத்ததைத் திரும்ப வைத்து, நன்றாகக் குலுக்கிவிட்டு மறுபடி எடுத்தால், பை பழைய பைதான், சிவப்பு வர மீண்டும் 5/8. முதலில் என்ன வந்தது என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்த எண் மாறாது, எனவே இரண்டும் சிவப்பாக வர 5/8 × 5/8 = 25/64.

திரும்ப வைக்காமல் எடுத்தால் கதை வேறு. முதலில் சிவப்பு வந்திருந்தால் மீதி 7 பந்துகளில் 4 சிவப்பு, ஆக 4/7. முதலில் நீலம் வந்திருந்தால் மீதி ஏழில் 5 சிவப்பு, ஆக 5/7. முதல் பந்தைப் பற்றிய செய்தி இரண்டாம் பந்தின் எண்ணை மாற்றுகிறது, சார்ந்தவை. இப்போது இரண்டும் சிவப்பாக வர 5/8 × 4/7 = 20/56, அதாவது 5/14. கவனியுங்கள், இங்கேயும் பெருக்கத்தான் செய்தோம். சார்ந்த நிகழ்ச்சிகளைப் பெருக்கவே கூடாது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படியில்லை. இரண்டாவது எண்ணாக எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலாவது நடந்த பிறகு இரண்டாவதுக்கு என்ன எண்ணோ, அதை வைக்க வேண்டும். நிபந்தனை நிகழ்தகவு என்பது அந்த எண்தான்.

இதே பையில் பலர் தடுமாறும் இன்னொரு இடம் உண்டு. முதல் பந்தை எடுத்து, அதன் நிறத்தைப் பார்க்காமலேயே ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கிறோம் என்று வையுங்கள். இரண்டாவது சிவப்பாக இருக்க எவ்வளவு? இரண்டு வழிகளையும் கூட்டினால், சிவப்பு-சிவப்பு 20/56, நீலம்-சிவப்பு 15/56, மொத்தம் 35/56, அதாவது மறுபடியும் 5/8! உடனே "எண் மாறவே இல்லையே, அப்படியானால் இவை சார்பிலாதவைதானே" என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். ஆனால் நாம் ஒப்பிட வேண்டியது முதல் பந்தின் 5/8ஐயும் இரண்டாம் பந்தின் 5/8ஐயும் அல்ல. இரண்டாம் பந்தைப் பற்றி எதுவும் தெரியாதபோது இருந்த 5/8ஐயும், முதலாவது சிவப்பு என்று தெரிந்த பிறகு கிடைக்கும் 4/7ஐயும்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு. ஆகவே சார்ந்தவை.

இதைத் திருப்பியும் கேட்கலாம். இரண்டாவது பந்து சிவப்பு என்று தெரியும், முதலாவது இன்னும் மூடிய கைக்குள் இருக்கிறது. அது சிவப்பாக இருக்க எவ்வளவு? 4/7. பின்னால் எடுத்த பந்து முன்னால் எடுத்த பந்தை எப்படிப் பாதிக்கும் என்று மனம் முரண்டு பிடிக்கும், ஆனால் இங்கே பாதிப்பு என்ற பேச்சே இல்லை, செய்தி மட்டும்தான் இருக்கிறது. ஒரு சிவப்புப் பந்து வேறு இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மிச்சமுள்ள ஏழில் ஒன்றுதான் கைக்குள் இருக்க முடியும், அந்த ஏழில் 4 சிவப்பு. எது முதலில் நடந்தது, எது எதற்குக் காரணம் என்பதையெல்லாம் தேடிக்கொண்டு போகாமல், தெரிந்த செய்தி எண்ணை மாற்றுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாதபோது கணக்கு

பை, நாணயம் போன்றவற்றில் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். எல்லா இடத்திலும் அது நடக்காது, அங்கே கணக்குப் போட்டுத்தான் தீர வேண்டும். சோதனை இதுதான்: இரண்டும் சேர்ந்து நடப்பதற்கான நிகழ்தகவைத் தனியாக எண்ணிக் கண்டுபிடியுங்கள், பெருக்கிக் கண்டுபிடிக்காதீர்கள். அப்புறம் தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் சமம் என்றால் சார்பிலாதவை, இல்லையென்றால் சார்ந்தவை. சேர்ந்து நடப்பதையும் பெருக்கியே எழுதிவிட்டு "ஆகா, சமமாக வருகிறது" என்று முடிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி வைத்துக்கொண்டால் எதுவும் சமமாகத்தான் வரும்.

ஒரே ஒரு பகடை, ஒரே ஒரு முறை உருட்டுகிறோம். "இரட்டை எண் விழுதல்" ஒரு நிகழ்ச்சி, "4 அல்லது அதற்குக் கீழே விழுதல்" இன்னொன்று. ஒரே பகடை, ஒரே உருட்டல், எனவே நிச்சயம் சார்ந்தவை என்றுதான் தோன்றும். எண்ணிப் பாருங்கள்: இரட்டை எண் 2, 4, 6, ஆக 1/2. நான்கும் அதற்குக் கீழும் 1, 2, 3, 4, ஆக 2/3. இரண்டிலும் இருப்பவை 2, 4, ஆக 1/3. பெருக்கினாலும் 1/2 × 2/3 = 1/3. சார்பிலாதவை! இப்போது நான்கை மூன்றாக மாற்றி "3 அல்லது அதற்குக் கீழே" என்று வையுங்கள். பொதுவாக இருப்பது 2 மட்டும், 1/6. பெருக்கினால் 1/4. சார்ந்தவை. ஒரே பகடைதான், கேள்வியில் ஒரு எண் மாறியதும் விடை தலைகீழாகிவிட்டது. சார்பு என்பது பொருளில் இல்லை, நாம் வரையறுத்த நிகழ்ச்சிகளுக்கு இடையே இருக்கிறது.

சீட்டுக்கட்டில் இது இன்னும் நன்றாகத் தெரியும், எனக்கு மிகவும் பிடித்த உதாரணமும் இதுதான். 52 சீட்டுகளில் ஒன்றை எடுக்கிறோம். ஏஸ் வர 4/52, ஸ்பேட் வர 13/52, ஸ்பேட் ஏஸ் வர 1/52. பெருக்கினால் 1/13 × 1/4 = 1/52, சமம், சார்பிலாதவை. இப்போது அதே கட்டில் இரண்டு ஜோக்கர்களைச் சேர்த்து 54 ஆக்குங்கள். எடுத்த சீட்டு ஸ்பேட் என்று தெரிந்தால் ஏஸாக இருக்க 1/13, எதுவும் தெரியாவிட்டால் 4/54, அதாவது 2/27. முன்னது 0.0769, பின்னது 0.0741. சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் வித்தியாசம், எனவே சார்ந்தவை. ஜோக்கருக்கும் ஏஸுக்கும் ஸ்பேடுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையே என்றால், இருக்கிறது: ஸ்பேட் என்று சொன்னவுடனே அது ஜோக்கர் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது, அந்தச் செய்தி ஏஸுக்குக் கொஞ்சம் வலு சேர்க்கிறது.

அடுத்து, பாடநூல்கள் ஒரே பக்கத்தில் போட்டு மாணவர்களைக் குழப்பும் ஒரு ஜோடி. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்றால் சேர்ந்து நடக்கவே முடியாதவை. "ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை, அதனால் சார்பிலாதவை" என்று இவற்றைச் சொல்பவர்கள் ஏராளம். உண்மை நேர் எதிர். ஒரே சுண்டலில் தலை விழுந்தது என்று தெரிந்தால் பூ விழுந்திருக்க 1/2 இல்லை, பூஜ்யம். ஒரு செய்தி இன்னொன்றின் எண்ணை இதைவிட அதிகமாக மாற்ற முடியுமா? இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பூஜ்யத்துக்கு மேல் நிகழ்தகவு இருந்து, அவை ஒன்றையொன்று விலக்கினால், அவை எப்போதும் சார்ந்தவைதான்.

ஞாபகம் இல்லாத சக்கரம்

சார்பிலாதவற்றைச் சார்ந்தவை என்று நினைப்பதும் அதே அளவு பெரிய தவறு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கருப்பு விழுந்தது. கருப்பு விழ விழ, "இனி சிவப்பு வந்தே ஆக வேண்டும்" என்று ஆட்கள் சிவப்பின் மேல் மேலும் மேலும் பணம் கட்டி இழந்தார்கள். அந்தச் சக்கரத்தில் 37 பள்ளங்கள், 18 கருப்பு, 18 சிவப்பு, ஒரு பூஜ்யம். முதல் சுற்றில் சிவப்பு விழ 18/37, 27ஆம் சுற்றிலும் அதே 18/37. 26 முறை தொடர்ந்து கருப்பு விழுவது அபூர்வம் என்பது சரி, ஆனால் 26 விழுந்து முடிந்த பிறகு 27ஆவது எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கலந்துகொண்டதுதான் அவர்கள் பணத்தைக் கொண்டுபோனது.

ஆனால் "நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது, எனவே சுண்டல்கள் எப்போதும் சார்பிலாதவை" என்று மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். இதோ ஒரு பை, அதில் இரண்டு நாணயங்கள்: ஒன்று சாதாரணமானது, மற்றொன்றில் இரண்டு பக்கமும் தலை. பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதையே இரண்டு முறை சுண்டுகிறோம். முதல் சுண்டலில் தலை விழ 3/4. இரண்டிலும் தலை விழ: சாதாரண நாணயம் என்றால் 1/2 × 1/4 = 1/8, மற்றது என்றால் 1/2, மொத்தம் 5/8. எனவே முதலாவது தலை என்று தெரிந்த பிறகு இரண்டாவதும் தலையாக இருக்க 5/8ஐ 3/4ஆல் வகுத்தால் 5/6. முன்பு 3/4, இப்போது 5/6. சார்ந்தவை! நாணயம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, முதல் சுண்டல் இரண்டாவதைத் தொடக்கூட இல்லை. எந்த நாணயம் கையில் இருக்கிறது என்பது பற்றி முதல் சுண்டல் நமக்குக் கொஞ்சம் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். எந்த நாணயம் என்று முதலிலேயே காட்டிவிட்டால் சுண்டல்கள் மறுபடி சார்பிலாதவை ஆகிவிடும்.

இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் பின்னால் நமக்குத் தெரியாத ஒரு பொதுவான விஷயம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், வகுப்புக்கு வெளியே நடக்கும் தவறுகளில் பெரியவை இதில்தான் நடக்கின்றன. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன, அவரே கொன்றார் என்று 1999இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அந்த வழக்கில் ஒரு மருத்துவ நிபுணர் சொன்ன எண் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. அது எப்படி வந்தது? அவருடையதைப் போன்ற ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க 8,543இல் ஒன்று, இரண்டு குழந்தைகள் என்பதால் அதை அதே எண்ணால் பெருக்கிவிட்டார்கள். ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு. முதல் மரணத்துக்குப் பின்னால் தெரியாத காரணம் ஒன்று இருந்திருந்தால் அது இரண்டாவது குழந்தைக்கும் இருக்கலாம், அந்தப் பையில் இருந்த நாணயம் மாதிரிதான். இந்தப் பெருக்கலுக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று 2001இல் ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டி பொதுவில் அறிக்கை விட்டது. நீதிமன்றத்துக்குக் காட்டப்படாத மருத்துவப் பரிசோதனை முடிவுகள் பின்னர் வெளிவந்து, 2003இல் இரண்டாவது மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர் 2007இல் இறந்துபோனார். இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது, சார்பின்மை என்பதைப் பரீட்சைக்கான ஒரு வரையறையாக மட்டும் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாததும் இதனால்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1960களில் நடந்த காலின்ஸ் வழக்கில், சாட்சிகள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் தற்செயலாக ஒரு ஜோடிக்குப் பொருந்த எவ்வளவு என்று காட்ட, மீசை வைத்த ஆண் 1/4, தாடி வைத்த கருப்பின ஆண் 1/10 என்று ஆதாரமில்லாத எண்களை வரிசையாகப் பெருக்கி 1 கோடியே 20 லட்சத்தில் ஒன்று என்றார்கள். தாடி வைத்தவர்களில் பெரும்பாலோர் மீசையும் வைத்திருப்பார்களே! 1968இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. கணினிச் சேமிப்பில் "ஒரு வட்டு கெட்டுப்போக ஆயிரத்தில் ஒன்று, இரண்டு நகல் வைத்தால் பத்து லட்சத்தில் ஒன்று" என்று சொல்வதும் இதே வகைதான், இரண்டு வட்டுகளும் ஒரே மின் இணைப்பில் இருந்தால் ஒரு மின்னழுத்த ஏற்றம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

பட்டியலில் தரவு கொடுத்திருந்தால்

200 பேரிடம் கேட்டதாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அதிகாலையில் எழுபவர்கள் 120, தினமும் உடற்பயிற்சி செய்பவர்கள் 80. இவை சார்பிலாதவை என்றால் இரண்டும் செய்பவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும்? 120 × 80ஐ 200ஆல் வகுத்தால் 48. பட்டியலில் 48 இருந்தால் சார்பிலாதவை, 65 இருந்தால் அதிகாலையில் எழுவது தெரிந்தவுடன் உடற்பயிற்சிக்கான எண் 80/200இலிருந்து 65/120க்கு ஏறுகிறது, சார்ந்தவை. பாடக்கணக்கில் இதோடு முடிந்தது. நிஜமாகவே ஆட்களிடம் கேட்டு எடுத்த தரவில் 48க்குப் பதில் 50 வந்தால் உடனே "சார்ந்தவை" என்று சொல்லிவிடக் கூடாது, தற்செயலாகவே அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் வரும். அந்த வித்தியாசம் தற்செயல்தானா என்று பார்க்கத்தான் கை-வர்க்கச் சோதனை (chi-square test) இருக்கிறது.

மூன்று நிகழ்ச்சிகள் வந்தால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். இரண்டு நாணயங்களைச் சுண்டுகிறோம். முதலாவது தலை, இரண்டாவது தலை, இரண்டும் ஒரே மாதிரி, இவை மூன்று நிகழ்ச்சிகள். எந்த இரண்டை எடுத்துப் பார்த்தாலும் சார்பிலாதவை, போட்டுப் பாருங்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து நடக்க 1/4, மூன்றையும் பெருக்கினால் 1/8. முதல் இரண்டும் தெரிந்துவிட்டால் மூன்றாவது உறுதியாகிவிடுகிறதே. ஆக இரண்டிரண்டாகச் சரிபார்த்தால் போதாது, மூன்றையும் சேர்த்தும் பார்க்க வேண்டும்.

கேள்வித்தாளில் சில சொற்களைப் பார்த்தவுடனே ஓரளவு ஊகிக்கலாம். "திரும்ப வைத்து" என்றால் சார்பிலாதவை, "திரும்ப வைக்காமல்" என்றால் சார்ந்தவை. "ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள்" என்று வந்தாலும் திரும்ப வைக்காமல் எடுத்ததாகவே கொள்ளுங்கள், ஒரே பந்தை இரண்டு முறை எடுக்க முடியாது. குழுவிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். "குறைந்தது ஒன்று தலை என்று தெரியும்" மாதிரி ஒரு வரி இருந்தால் எச்சரிக்கை தேவை, அந்த வரி சார்பிலாதவற்றையும் சார்ந்தவையாக்கிவிடும்: இரண்டு சுண்டல்களில் குறைந்தது ஒன்று தலை என்று தெரிந்த நிலையில் முதலாவது தலையாக இருக்க 2/3, இரண்டாவது தலை என்றும் தெரிந்தால் அது 1/2 ஆகிவிடுகிறது. அப்புறம், மொத்தம் மிகப் பெரியதாக இருந்தால் திரும்ப வைக்காமல் எடுத்தாலும் சார்பிலாதது போலவே கணக்குப் போடுவதுண்டு. 1,00,000 பேரில் 40,000 பேர் ஒரு வகை என்றால், ஒருவரை எடுத்த பிறகு 39,999/99,999, அதாவது 0.399994. 0.4 என்றே வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பந்துப் பையில் அப்படிச் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். "முதல் பகடையில் 4" என்பதும் "கூட்டுத்தொகை 8" என்பதும் சார்பிலாதவையா? "முதல் பகடையில் 4" என்பதும் "கூட்டுத்தொகை 7" என்பதும்? தாளில் போட்டுவிட்டுக் கீழே படியுங்கள்.

கூட்டுத்தொகை 8 வர 5/36. முதலாவது 4 என்று தெரிந்தால், இரண்டாவது 4 விழ வேண்டும், 1/6. வேறு வேறு எண்கள், சார்ந்தவை. கூட்டுத்தொகை 7 வர 6/36, அதாவது 1/6. முதலாவது 4 என்று தெரிந்தால் இரண்டாவது 3 விழ வேண்டும், 1/6. சார்பிலாதவை. முதல் பகடையில் 1 விழுந்தால் 8ஐ எட்டவே முடியாது, ஆனால் எது விழுந்தாலும் 7ஐ எட்ட இரண்டாவது பகடையில் சரியாக ஒரு முகம் இருக்கிறது. 2 முதல் 12 வரை எல்லாக் கூட்டுத்தொகைகளையும் இப்படிப் பாருங்கள், 7க்கு மட்டும்தான் இது நடக்கும்.